சேற்றுக்காட்டுத் தீயும் மலைக்காட்டுத் தீயும்

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், பேராக் ஆறு வளைந்து வளைந்து கடலை நாடிச் செல்லுமிடத்தில் அமைந்துள்ள நகரம் தெலுக் இந்தான். இந்நகரின் நடுவே நிற்கும் சாய்ந்த கோபுரத்தைப் பற்றிக் கேள்விப்படாதார் மலேசியத் தமிழருள் மிகச் சிலரே. கடிகாரம் பொருத்தப்பட்டிருத்தலின் அதனை மணிக்கூண்டு என்றே பலரும் கருதுவர். ஆயின் அது மணி காட்டுவதற்காக மட்டும் எழுந்ததன்று. 1885-ஆம் ஆண்டில் லியோங் சூன் சோங் என்னும் சீனக் கட்டடக்காரர் அதனைக் கட்டினார். ஏறத்தாழ 25 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரம் வெளித்தோற்றத்தில் எட்டு அடுக்காகத் தோன்றினும், உள்ளே இருப்பன மூன்று தளங்களே. அதன் உள்ளே இரும்புத் தொட்டியொன்று அமைக்கப்பட்டது. வறண்ட மாதங்களில் ஊராருக்குக் குடிநீர் அளிப்பதும், தீப்பற்றும் காலத்தில் அதனை அணைக்க உதவுவதுமே அத்தொட்டியின் பணி.

ஆற்றங்கரையில், சதுப்பு நிலத்தின் நடுவில், ஆண்டு முழுதும் மழை காணும் ஊரில், தீக்கு அஞ்சி ஒரு நீர்த்தொட்டி கட்ட வேண்டியிருந்தது என்பது வியப்பன்றோ? அக்காலத்து மலாயாக் கடைத்தெருக்கள் பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையும் கொண்டவை; ஒரு பொறி விழுந்தால் தெருவே எரியும். கோபுரம் சாய்ந்ததற்குக் காரணம் அடியிலுள்ள நிலத்தின் மென்மையும் மேலே ஏற்றிய நீரின் சுமையும் ஆகும். ஆகவே தீயைப் பற்றிய அச்சம், காலூன்ற இடந்தராத மென்னிலம் ஆகிய இரண்டு செய்திகள் இக்கோபுரத்தில் அடங்கியுள்ளன. கீழ்ப்பேராக்கின் காட்டு வரலாற்றை அறிதற்கு இவ்விரண்டுமே திறவுகோல்கள். இன்று காடுகளில் கூடாரமிட்டுத் தங்கி இன்புற விரும்புவோர் பெருகிவரும் நாளில், அவ்வரலாறு வெறும் பழங்கதை ஆகாது. உயிர்காக்கும் கல்வியும் ஆகும்.

சேற்றுக்காட்டின் இயல்பு

தெலுக் இந்தானுக்குத் தெற்கே பெர்ணாம் ஆறு ஓடுகின்றது. பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் எல்லை அதுவே. அதன் இரு கரைகளிலும், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ ஆகிய பகுதிகளைச் சூழ்ந்தும், ஒரு காலத்தில் பெருஞ் சேற்றுக்காடு பரந்து கிடந்தது. அதன் நிலத்தை மலாய்க்காரர் 'தானா கம்புட்' என்பர். மண் என்று நாம் நினைக்கும் பொருள் அதில் மேற்பரப்பில் இல்லை. உதிர்ந்த இலையும், முறிந்த கிளையும், சாய்ந்த மரமும், வேரும் நீரில் மூழ்கிக் காற்றுப்படாது கிடந்தமையால் முற்றும் மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன்மேலொன்று படிந்து, பல மீட்டர் ஆழம் வரை சேர்ந்த அடுக்கே அது. நிலக்கரி ஆவதற்கு முந்திய நிலை என்று அதனைக் கூறலாம். நீர் நிறைந்திருக்குங்கால் அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீரே. அதனூடே ஊறிவரும் ஆற்றுநீர், பாலில்லாத் தேநீரைப் போன்று கருஞ்சிவப்பாக இருக்கும்.

இத்தகைய காடு தானாகத் தீப்பற்றுவது அரிது. மின்னல் விழுந்தாலும் ஈரம் அதனை அடக்கிவிடும். வெயிற் காலத்தில் மூங்கில் உரசித் தீயெழும் என்று தமிழ் இலக்கியங்கள் பேசும் வறண்ட மலைக்காட்டிற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறும் கருத்தை இலக்கிய ஆசிரியர் யாவரும் அறிவர். பருவத்தால் திரியும் நிலம் அது. கீழ்ப்பேராக்கின் சேற்றுக்காடோ பருவத்தால் திரியவில்லை. மனிதன் கையால் திரிந்தது.

தோட்டம் வந்த வரலாறு

1874-ஆம் ஆண்டு சனவரியில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி பேராக்கிற்கு வந்த முதல் ஆங்கில ஆட்சிப் பிரதிநிதி பெர்ச்சு, 1875 நவம்பரில், தெலுக் இந்தானுக்கு மேலே ஆற்றங்கரையில் உள்ள பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதன்பின் ஆங்கிலேயர் தம் பிடியை இறுக்கினர். 1882-இல் இவ்வூர் ஆன்சன் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயரால் தெலுக் ஆன்சன் என்றாயிற்று. சரியாக நூறாண்டு கழித்து, 1982-இல், பழம்பெயரைத் தழுவித் தெலுக் இந்தான் ஆயிற்று. 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து இத்துறைமுகத்திற்கு இருப்புப்பாதை வந்தது. ஈயமும் பின்னர் ரப்பரும் இவ்வழியே கப்பலேறின.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ரப்பரின் காலம் தொடங்கிற்று. டென்மார்க்கு நாட்டுப் பொறியாளர் வெஸ்டன்ஹோல்சு 1906-இல் ஜெண்டராத்தாவில் தோட்டம் திறந்தார். பிற்காலத்தில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் எனப் பெயர்பெற்ற நிறுவனத்தின் தலைமையிடம் அத்தோட்டமே. ரப்பரும் தென்னையும் பின்னர் செம்பனையும் இவ்வட்டாரமெங்கும் பரவின. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்ட பின், கங்காணிமார் வழியாகத் தமிழகத்து ஊர்களிலிருந்து வந்த தொழிலாளர் தொகை பெருகிற்று.

காட்டைத் தோட்டமாக்கும் முறை எங்கும் ஒன்றே. முதலில் புதரையும் கொடியையும் அரிவர். பின்னர்ப் பெருமரங்களை வீழ்த்துவர். வீழ்த்தியவற்றை வாரக்கணக்கில் வெயிலில் காயவிட்டு, மழையற்ற நாளொன்றில், காற்றுப் பார்த்துத் தீவைப்பர். எரிந்து எஞ்சிய அடிமரங்களைக் குவித்து மீண்டும் கொளுத்துவர். நன்றாக எரிந்தால் தோட்டத்துரைக்குப் பெருஞ் செலவு மிச்சம். அரைகுறையாக எரிந்தால் களையும் கட்டையும் பல மாதம் தொல்லை தரும். ஆகவே தீயே தோட்டத்தின் முதல் கூலியாள் என்றால் அது மிகையன்று. மரம் வீழ்த்தும் பணியில் சீனரும், கடலோரப் பகுதியில் சாவகரும் பஞ்சாரியரும் மிகுதியும் ஈடுபட்டனர். வடிகால் வெட்டுதல், களையெடுத்தல், பால்வெட்டு ஆகியவை பெரும்பாலும் தமிழர் தோளில் வீழ்ந்தன.

சேற்று நிலத்தில் தீக்கு முன்னர் மண்வெட்டி செல்லவேண்டும். தோட்டத்து மக்கள் 'அல்லூறு' என்று வழங்கும் வடிகால்களை வெட்டி நீரை வடித்தாலன்றி அங்குக் கன்று பிழைக்காது. சிறு அல்லூறுகள் பெரிய அல்லூற்றிலும், பெரியவை ஆற்றிலும் சேரும். ஆற்றின் வாயில் கடலேற்றம் உட்புகாதபடி மடைக்கதவு இருக்கும். கரையோரம் மண்வரம்பு நிற்கும். இடுப்பளவு கருநீரில் நின்று இவற்றை வெட்டியவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் வெட்டிய கோடுகள் மட்டும் நிலத்தின்மேல் இன்றும் உள்ளன. அவ்வடிகால்களே ஒருபுறம் வாழ்வையும் மறுபுறம் தீயையும் கொண்டுவந்தன. நீர் வடிந்த மட்குநிலம் சுருங்கித் தாழும். காய்ந்தபின் மீண்டும் எளிதில் நீரை ஏற்காது. காய்ந்த அதுவோ விறகுக்கு நிகரானது. நீரால் காக்கப்பட்ட காடு நீர் போனதும் விறகுக் கிடங்காயிற்று.

ஓர் அரசு, இரு நீதி

இவ்விடத்தில் வரலாறு ஒரு விந்தையைக் காட்டுகின்றது. மலாயாவில் காட்டை எரித்தலைத் தொழில் வளர்ச்சி என்று போற்றிய அதே ஆங்கில ஆட்சி, தமிழகத்தில் காட்டில் தீவைத்தலைக் குற்றமாக்கிற்று.

பழந்தமிழகத்துக் குறவர் மலைச்சாரலை எரித்துத் தினை விதைத்தனர். புதிதாகத் திருத்திய புனத்தை இதை என்றும், பலகால் உழுது பழகிய புனத்தை முதை என்றும் வேறு சொற்களால் வழங்கினர். தீயைக் கருவியாக ஆண்ட மக்களே நிலத்தை இவ்வாறு நுட்பமாகப் பெயரிட்டு அழைக்க இயலும். காட்டை அழித்து நாடாக்கியதைக் கரிகாலன் சிறப்பாகப் பட்டினப்பாலை பேசுதலும் ஈண்டு நினைக்கத்தக்கது. எனவே தீயினால் காடு திருத்தல் தமிழர்க்குப் புதிதன்று.

1856-இல் சென்னை மாகாணத்தின் காட்டுக் காப்பாளராக டாக்டர் கிளெக்ஹார்ன் அமர்த்தப்பட்டார். கப்பலுக்கும் இருப்புப்பாதைக்கும் வேண்டிய மரம் அழிகின்றது என்பதே அரசின் கவலை. மலைவாழ் மக்களின் எரிபுன வேளாண்மையைக் 'குமரி' என்று குறித்து, 1860-இல் மாகாண அரசு அதனைத் தடைசெய்தது. 1864-இல் பிராண்டிசு இந்தியக் காடுகளின் தலைமை ஆய்வாளரானார். அதே காலத்தில் மத்திய மாகாணத்துப் போரிக் காட்டில் கர்னல் பியர்சன் தீத்தடுப்பு முறையைத் தொடங்கினார்: எல்லைக்கோட்டில் புல்லை முன்னரே அகற்றித் தீத்தடைக் கோடு அமைத்தல், கோடையில் காவலர் நிறுத்தல் என்பனவே அதன் கூறுகள். 1882-இல் சென்னை வனச்சட்டம் பிறந்தது. ஒதுக்கப்பட்ட காட்டில் தீமூட்டுவோர் அதன்படி தண்டனைக்கு உரியரானார்.

தீயை அறவே விலக்குதல் காட்டிற்கு நன்றா என்னும் ஐயம் ஆங்கில அலுவலரிடையேயே எழுந்தது. பர்மாவில் தேக்குக் காடுகளைத் தீயினின்று காத்த இடங்களில், இளந்தேக்கு முளைப்பது குன்றிற்று. தீக்காப்பு அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று ஸ்லேடு என்பார் 1896-இல் எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டிலேயே பர்மாவின் ஈரத் தேக்குக்காடுகள் சிலவற்றில் தீக்காப்பு கைவிடப்பட்டது. கோடை முற்றுமுன், புல் பாதி ஈரமாக இருக்கும்போதே, சிறு தீயால் அதனை எரித்துவிட்டால் பெருந்தீக்கு இரையில்லாது போகும் என்னும் உண்மை மெல்ல ஏற்கப்பட்டது. மலைவாழ் மக்கள் வழிவழியாக அறிந்திருந்தது இதுவே.

இந்திய வனப்பணியைச் சார்ந்த ஹில் என்பவர் 1900-இல் மலாயாக் காடுகளைப் பார்வையிட்டு அறிக்கை அளித்தார். அதன்பின் 1901-இல் பர்மாவில் பணியாற்றிய பர்ன்-மர்டாக் மலாயாவின் முதல் தலைமை வன அலுவலரானார். மலாயாவில் இன்று எஞ்சியுள்ள ஒதுக்குக் காடுகளுக்கு அடிகோலியவர்கள் இவர்களே என்பதையும் மறைத்தலாகாது. எனினும் ஒதுக்குக் காட்டின் எல்லைக்கு வெளியே துரைமார் மூட்டிய தீயை எவரும் குற்றமென்று கருதவில்லை. குறவன் மூட்டினால் அழிவு, கம்பெனி மூட்டினால் ஆக்கம் என்பதே அக்கால நீதி. தமிழன் இரு நாட்டிலும் இத்தீயின் நடுவே நின்றான்: அங்கே தீக்காவலனாக, இங்கே காட்டைச் சுட்ட நிலத்தில் கன்று நடுபவனாக.

நிலத்தடித் தீ

வடிந்த சேற்றுநிலத்தில் பற்றும் தீ, கண்ணுக்குத் தெரியும் தீ அன்று. மேற்பரப்பிலுள்ள புதர் எரிந்து அணைந்த பின்னும், அது கீழிறங்கி மட்கினுள் கனன்றுகொண்டே செல்லும். சுடர் இராது, புகைதான் இருக்கும். மெல்ல ஊர்ந்து, வேரை எரித்து, பசுமையாக நிற்கும் மரத்தையும் திடீரெனச் சாய்த்துவிடும். மண்ணை அகற்றி அமைத்த தீத்தடைக் கோட்டின் அடியிலும் நுழைந்து மறுபுறம் வெளிப்படும். ஒருநாள் மழை அதனை அணைக்காது. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தாலன்றி அது மடிவதில்லை.

1997-ஆம் ஆண்டில் எல் நினோ என்னும் வானிலைத் திரிபினால் மழை பொய்த்தது. சுமத்திராவிலும் களிமந்தானிலும் காடும் மட்குநிலமும் எரிந்து எழுப்பிய புகை மலேசியாவை மூடிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் சரவாக்கில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியெண் 800-ஐத் தாண்டிற்று. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அதே நிலை ஏற்பட்டது. புகைமூட்டம் என்னும் சொல் மலேசியத் தமிழ் இல்லங்களில் அன்றாடச் சொல்லானது இந்த ஆண்டுகளில்தான். பிறநாட்டுத் தீயே முழுக் காரணம் என்று கூறி அமைதல் பொருந்தாது. பெர்ணாம் ஆற்றிற்குத் தெற்கேயுள்ள வட சிலாங்கூர்ச் சேற்றுக்காடு 70,000 எக்டேருக்கு மேற்பட்ட பரப்புடையது. 1990-இல் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியான ராஜா மூசா ஒதுக்குக் காட்டில், மரமேற்றிச் செல்லவும் நீர் வடிக்கவும் முன்னர் வெட்டிய கால்வாய்களின் வழியே நிலம் உலர்ந்து, வறண்ட ஆண்டுகளில் தீ மீண்டும் மீண்டும் பற்றியது.

மருந்து நோயின் மூலத்திலேயே இருந்தது. 2008-ஆம் ஆண்டு முதல் சிலாங்கூர் வனத்துறையும் தொண்டு அமைப்புகளும் ஊர்மக்களும் சேர்ந்து அக்கால்வாய்களைக் குறுக்கே அடைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, மகாங் முதலிய மரங்களை நட்டுவருகின்றனர். ஒரு தலைமுறை நீரை வடிக்க வெட்டிற்று. மறு தலைமுறை நீரை நிறுத்த அடைக்கின்றது. சட்டமும் வளர்ந்தது. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1998-இல் திருத்தப்பட்டுத் திறந்தவெளி எரிப்பு கடுங்குற்றமாயிற்று. பழைய மரங்களை எரிக்காமல் நறுக்கி வரிசையில் அடுக்கி மக்கவிடும் முறையை மலேசியத் தோட்டங்கள் 1980-களின் பிற்பகுதியிலிருந்து கைக்கொண்டன. 2002 சூனில் ஆசியான் நாடுகள் எல்லை கடக்கும் புகைமூட்டம் பற்றிய உடன்படிக்கையில் கோலாலம்பூரில் கையெழுத்திட்டன. ஒரு நூற்றாண்டுக்குமுன் தோட்டத்தின் முதல் கூலியாளாக இருந்த தீ, இவ்வாறு குற்றவாளிக் கூண்டில் ஏறிற்று.

குரங்கணியில் நிகழ்ந்தது

இனி மலைக்காட்டுத் தீயைக் காண்போம். தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேற்கே, மேற்குத்தொடர்ச்சி மலையின் அடியில் உள்ளது குரங்கணி. இவ்வூரும் தோட்ட வரலாற்றோடு பிணைந்ததே. 1877-இல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றபின், மூணாற்றில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. மலையுச்சியிலுள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் வழியாகத் தேயிலைப் பெட்டிகள் குரங்கணிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குச் சென்றன. பெட்டி இறங்கிய மலையில் பின்னாளில் இன்பப் பயணிகள் ஏறலாயினர். உச்சியில், 7,000 அடிக்கு மேல், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் உள்ளது. கதிரவன் எழுவதைக் காண அங்குக் கூடாரமிட்டுத் தங்குவது இளைஞரிடையே பெருவிருப்பமாயிற்று.

2018 மார்ச்சு 10-ஆம் நாள், சென்னையிலிருந்து வந்த ஒரு குழுவும், திருப்பூர், ஈரோடு பகுதியிலிருந்து வந்த மற்றொரு குழுவுமாக முப்பதுக்கு மேற்பட்டோர் அம்மலையில் ஏறினர். அவருள் பெண்கள் பலர், சிறுவரும் இருந்தனர். அன்றிரவு கொழுக்குமலையில் தங்கி, மறுநாள் 11-ஆம் நாள் குரங்கணியை நோக்கி இறங்கினர். வழியில் ஆளுயரப் புல் காய்ந்து நின்ற சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்தது. ஓடியவருள் சிலர் பள்ளத்தில் வீழ்ந்தனர். சிலர் புகையால் திசையறியாது தவித்தனர். செய்தி கேட்டு முதலில் மலையேறி ஓடியவர்கள் குரங்கணி ஊராரே. அவர்கள் போர்வையிலும் கம்பிலும் தூளி கட்டிக் காயமுற்றோரைச் சுமந்திறங்கினர். பின்னர் வனத்துறையினரும் தீயணைப்புப் படையினரும் வான்படை உலங்கூர்திகளும் வந்தனர். சம்பவ இடத்திலும் பின்னர் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் உயிர்நீத்தனர்.

வனத்துறை இசைவளித்தது குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் வழிக்கே என்றும், கொழுக்குமலை வழிக்கு அன்று என்றும் பின்னர்க் கூறப்பட்டது. தமிழக அரசு அதுல்ய மிசிரா தலைமையில் விசாரணை அமைத்தது. எனினும் வழி மாறியதை மட்டும் காரணமாகக் கொண்டு அமைதல் போதாது. காய்ந்த புல்லும் கோடைக் காற்றும் செங்குத்துச் சரிவும் ஒருங்கே கூடும் மார்ச்சு மாதத்தில், அம்மலைமேல் எவ்வழியும் ஆபத்து வழியே.

சரிவில் தீ செல்லும் விதம்

சமவெளித் தீயைக் கண்டு பழகியவர் மலைத்தீயின் வேகத்தை உணர மாட்டார். சரிவில் தீ மேல்நோக்கி எரியுங்கால், சுடர் மேலேயுள்ள புல்லை நோக்கிச் சாய்கின்றது. அதன் வெம்மையால் மேற்புல் பற்றுமுன்னரே உலர்ந்துவிடுகின்றது. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பர் தீ ஆய்வாளர். பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும் காற்றும் அதற்குத் துணைசெய்யும். மனிதனோ மேல்நோக்கி ஓடுந்தோறும் தளர்கின்றான். இவ்வோட்டப் பந்தயத்தில் தீயே வெல்லும்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1949 ஆகஸ்டு 5-ஆம் நாள், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில், வான்குடை வழியே இறங்கிய தீயணைப்பு வீரர்களைப் புல்தீ துரத்திற்று. பயிற்சிபெற்ற வலிய இளைஞர்களாக இருந்தும் 13 பேர் மாண்டனர். அவர்களின் தலைவர் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தி, தம் முன்னிருந்த புல்லுக்குத் தாமே தீவைத்து, அது எரிந்து கருகிய இடத்தில் குப்புறக் கிடந்தார். பெருந்தீ அவ்விடத்தில் இரை காணாமல் விலகிச் சென்றது, அவர் பிழைத்தார். உடன்வந்தோர் அச்செயலின் பொருளறியாமல் அவரைக் கடந்து ஓடினர். தீயைத் தீயால் வெல்லும் இவ்வுத்தி அமெரிக்கப் புல்வெளி மக்களும் அறிந்ததே. முன்கூட்டியே எரித்த நிலத்தில் தீ மீண்டும் பற்றாது என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. நம் புனவர் காலங்காலமாகக் கையாண்டதும் அதுவே அன்றோ?

இருவகைத் தீயையும் ஒப்புநோக்கின், வேறுபாடும் ஒற்றுமையும் விளங்கும். மலைத்தீ விரைந்து கொல்வது; சேற்றுத்தீ மெல்ல அரிப்பது. முன்னதில் பகை புல்லும் சரிவும். பின்னதில் பகை வடிகால். முன்னதற்குக் கண்முன் சுடர் தெரியும். பின்னதற்குக் காலடியில் சூடு மட்டுமே தெரியும். ஆயின் இரண்டிலும் அந்நிலத்தை அறிந்த மக்களிடம் கேளாமல் அதனுட் புகுந்தவரே அழிவுக்கு ஆளாகின்றனர்.

கூடாரமும் கட்டுப்பாடும்

குரங்கணித் துயரின் பின்னர்த் தமிழக அரசு 2018-இல் மலையேற்றத்தை நெறிப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை சார்ந்த அமைப்பின் வழியாக 40 மலையேற்ற வழிகள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. மலைவாழ் இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்றப்பட்டனர். 2025-இல் காட்டுத்தீக் காலம் கருதி, பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அவ்வழிகள் மூடப்பட்டன. எந்த நாளில் போகக்கூடாது என்பதை வகுத்ததே இவ்விதிகளுள் தலைசிறந்தது எனலாம். காடு பற்றிய அறிவு உடைய மலைமக்களை, குற்றவாளியாகக் கருதிய 1860-இன் மனப்பான்மையிலிருந்து, வழிகாட்டியாக ஏற்கும் மனப்பான்மைக்கு வர நூற்றறுபது ஆண்டு சென்றது.

மலேசியாவிலும் காட்டு முகாம்கள் பழமையானவை. பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் பரவிய தேசியப் பூங்கா, ஹப்பாக் என்பாரின் நெடுமுயற்சியால் 1930-களின் இறுதியில் அமைந்தது. பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். பேராக்கின் வடக்கே அரச பெலும் மாநிலப் பூங்கா 2007-இல் அறிவிக்கப்பட்டது. இவ்விரு பூங்காக்களும் ஈரமழைக் காடுகளாதலின் தீயினும் வெள்ளமே அங்கு முகாமிடுவோர் அஞ்சத்தக்கது. 2022 டிசம்பர் 16-ஆம் நாள் சிலாங்கூரின் பத்தாங் காலியில், முகாம் நடத்த உரிமம் பெறாத ஓரிடத்தில் மலைச்சரிவு இடிந்து வீழ்ந்து 31 பேர் உயிரிழந்தனர். குரங்கணியில் தீ, பத்தாங் காலியில் மண். கருவி வேறாயினும் பாடம் ஒன்றே: நிலத்தின் இயல்பையும் பருவத்தையும் ஆராயாமல் கூடாரம் அடித்தல் கூடாது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு இச்செய்தி சிறப்பாக உரியது. சாரணர் முகாமென்றும் நன்னெறி முகாமென்றும் ஆண்டுதோறும் மாணவரைக் காட்டோரங்களுக்கு அழைத்துச் செல்பவர்கள் அவர்களே. கீழ்ப்பேராக்கு, வட சிலாங்கூர் போன்ற மட்குநிலப் பகுதிகளில் முகாம் தீ மூட்டி, மேலே மண்ணைப் போட்டு அணைத்துவிட்டோம் என்று திரும்புதல் பேரிடரை விதைப்பதாகும். அங்கே மண்ணே விறகு என்பதை மாணவன் உணரவேண்டும். மணற்பரப்பிலோ இரும்புக்கொப்பரையிலோ அன்றி அந்நிலத்தில் தீ மூட்டலாகாது. அணைத்தபின் நீரூற்றிக் கையால் தொட்டுக் குளிர்ந்ததை அறிந்தே நீங்கவேண்டும். மலைச்சரிவாயின் காய்ந்த புல்லினூடே வழி செல்கின்றதா, தீ வந்தால் ஒதுங்கப் பாறையோ நீரோடையோ எரிந்த நிலமோ எங்குள்ளது என்பவற்றை ஏறுமுன்னரே பார்த்து வைத்தல் வேண்டும். புகை கீழிருந்து எழுமாயின் மேலே ஓடாது பக்கவாட்டில் விலகுதல் நன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, அவ்வூர் மக்கள் வேண்டாம் என்று தடுக்கும் நாளில் திரும்பிவிடுதல் வேண்டும்.

குறிஞ்சியைப் பாடமாக நடத்தும் ஆசிரியர், புனம் சுடுதலையும் தினைக்காத்தலையும் மாணவர்க்கு விளக்குகின்றார். அப்பாடம் வெறும் காதற்காட்சியின் பின்னணி அன்று. நிலத்தையும் தீயையும் பருவத்தையும் அறிந்து வாழ்ந்த மக்களின் அறிவுத்தொகுதி அது. அவ்வறிவின் ஒரு பகுதியேனும் குரங்கணிச் சரிவில் இறங்கியோர்க்கு முன்னரே கிடைத்திருப்பின், அவர்கள் மார்ச்சு மாதத்தில் அவ்வழியைத் தேர்ந்திருக்க மாட்டார்கள். அவ்வறிவை நூலோடு நிறுத்தாமல், மாணவர் தம் காலடியில் உள்ள நிலத்தோடு பொருத்திக் காட்டுதலே இக்காலத் தமிழாசிரியரின் கடமையாகும்.